கொளத்தூர் மீன் கடைகளும் குரலுக்குக் கட்டுப்படும் பிளக்கும்

கோயம்பேட்டிலிருந்து உள்வட்டச் சாலையில் திருமங்கலம், பாடி வழியாக மாதவரம் போகும் பேருந்தில் ஏறினால், ரெட்டேரி நெருங்கும்போது கொளத்தூர் வந்துவிடும். பிரதான சாலையில் இறங்கி உள்தெருக்களுக்குள் நடந்தால் முதலில் கண்ணில் படுவது மீன் அல்ல, கண்ணாடி. கடை வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய காலித் தொட்டிகள், அளவுக்கு வெட்டிச் சாய்த்து வைத்த கண்ணாடிகள், அவற்றை ஒட்டும் சிலிக்கான் பசையின் புளித்த வாடை. அதைத் தாண்டினால்தான் மீன். கப்பி, மோலி, பிளாட்டி, ஏஞ்சல், கௌராமி, பொன்மீன், கோய் கெண்டை, சின்ன பாட்டிலுக்கு ஒன்றாகத் தனித்தனியே நிற்கும் ஃபைட்டர் என்று தொட்டிக்குத் தொட்டி நிறம் மாறிக்கொண்டே போகும்.

ஒரு காலத்தில் சென்னையில் அழகு மீன் வாங்க வேண்டுமென்றால் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய மூர் மார்க்கெட்டுக்குத்தான் போவார்கள். 1985-ல் அந்தக் கட்டடம் தீயில் அழிந்தது. இன்றைக்கு மொத்தமாக வாங்குகிறவர்களின் கால் கொளத்தூர்ப் பக்கம்தான் திரும்புகிறது. தமிழ்நாட்டின் பல ஊர்க் கடைகளுக்கும் வெளி மாநிலங்களுக்கும் இங்கிருந்து மீன் போகிறது. பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், வாயை முறுக்கி ரப்பர் பேண்டு. பேக் செய்வதற்கு முந்தைய நாளே மீனுக்குத் தீவனத்தை நிறுத்திவிடுவார்கள். வயிறு காலியாக இருந்தால் பைக்குள் தண்ணீர் கெடாது. சரியாகக் கட்டிய பை ஒரு நாள் பயணத்தைத் தாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் கூட்டம் தெரியும். பிள்ளைகளோடு வந்திருக்கும் நகரத்துக் குடும்பங்கள் பாதி. மீதிப் பேர் கையில் தெர்மோகோல் பெட்டியோடு வெளியூரிலிருந்து வந்தவர்கள். கொல்லையில் இரண்டு சிமென்ட் தொட்டி கட்டிக் குஞ்சு வளர்ப்பவர்கள், ஊரில் சின்னதாகக் கடை போட்டிருப்பவர்கள், மகளிர் குழுவில் கடன் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள். இவர்கள் மீனைவிட அதிக நேரம் நிற்பது ஏர் பம்ப், ஃபில்டர், ஹீட்டர் விற்கும் கடைகளில். அந்தக் கடைகளில் சில வருடங்களாகப் புதிதாக ஒரு சாமான் தொங்குகிறது. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளைப் பிளக். பெட்டியின் மேல் ஒலிபெருக்கி, செல்போன் படம். ஸ்மார்ட் பிளக் என்கிறார்கள்.

இதில் விவசாயிக்குப் புரியாத சங்கதி எதுவும் இல்லை. கிணற்று மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர் வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட விடுகிறார் அல்லவா? அதன் தம்பிதான் இது. ஸ்டார்ட்டரில் சிம் கார்டு இருக்கும். இதில் சிம் இல்லை, வீட்டு வைஃபையில் இணையும். சுவரில் உள்ள சாக்கெட்டில் இதைச் செருகி, இதன் மேல் ஏர் பம்ப் அல்லது விளக்கின் பிளக்கைச் செருக வேண்டும். போனில் ஒரு செயலியை இறக்கி நேரம் குறித்துவிட்டால் அந்த நேரத்துக்கு எரியும், அணையும். அமேசானின் அலெக்ஸா, கூகுளின் ஸ்பீக்கர் போன்ற குரல் உதவியாளரோடு சேர்த்துவிட்டால் வாயால் சொன்னாலும் கேட்கும். விலை பிராண்டைப் பொறுத்து ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான பிளக்குகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் இணையும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் வைத்திருந்தால் எவ்வளவு முயன்றாலும் பிடிக்காது. கடைக்குத் திரும்பி வந்து சண்டை போடுகிறவர்களில் பலருக்கு இதுதான் பிரச்சினை.

"இதைப் போட்டா மீன் சாகாதாண்ணே?" என்று வெளியூர்க்காரர் கேட்பதும், "கரண்ட் இருக்கிற வரைக்கும் இது ராஜா. கரண்ட் போனா நம்மள மாதிரியே இதுவும் இருட்டுல உக்காந்திருக்கும்" என்று கடைக்காரர் சொல்வதும் கொளத்தூரில் கேட்கக்கூடிய பேச்சுதான். எல்லாக் கடைக்காரரும் இவ்வளவு நேர்மையாகச் சொல்வதில்லை என்பதும் உண்மை. 'ஒரு தடவை செட் பண்ணினா மறந்துடலாம்' என்று விற்பவர்களும் உண்டு.

எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக் கூடாது

வீட்டுத் தொட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தால் நாலைந்து வயர் தொங்கும். விளக்கு, ஃபில்டர், ஏர் பம்ப், சில வீடுகளில் ஹீட்டர், செடி வளர்ப்பவர்களிடம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் வால்வு, தானியங்கித் தீவனப் பெட்டி. எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்வது.

விளக்குக்கு இந்தப் பிளக் கச்சிதமாகப் பொருந்தும். தொட்டி விளக்கு தினம் 8 மணி நேரம் எரிந்தால் போதும். வீட்டில் யாரோ காலையில் போடுகிறார்கள், யாரோ தூங்கப் போகும்போது அணைக்கிறார்கள், நடுவில் 14 மணி நேரம் எரிந்திருக்கும். கண்ணாடியில் பச்சைப் பாசி படிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். பாசிக்கு மருந்து கேட்டு வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது விளக்கு எத்தனை மணி நேரம் எரிகிறது என்றுதான். காலை 10 முதல் 2 வரை, மாலை 5 முதல் 9 வரை என்று பிளக்கில் குறித்துவிட்டால் அந்தச் செலவு மிச்சம்.

செடித் தொட்டியின் கார்பன் டை ஆக்சைடு வால்வும் அப்படித்தான். பகலில் செடி அந்த வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜன் தரும். விளக்கு அணைந்ததும் செடியும் மீனைப் போலவே ஆக்சிஜனை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். ராத்திரியிலும் வால்வு திறந்திருந்தால் விடியும்போது மீன்கள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து நிற்கும். விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூட வேண்டும். மறதியுள்ள மனிதக் கையைவிட இதைப் பிளக் நன்றாகச் செய்யும்.

ஃபில்டரை நேரம் குறித்து அணைக்கக் கூடாது. ஃபில்டரின் பஞ்சிலும் கற்களிலும் நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை அது நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. எரு மட்கும்போது மண்ணில் நடக்கும் அதே வேலை. அந்தப் பாக்டீரியாவுக்கு ஓடும் தண்ணீரில் வரும் ஆக்சிஜன் வேண்டும். பல மணி நேரம் ஃபில்டர் நின்றால் அது சாகத் தொடங்கும். திரும்பப் போடும்போது உள்ளே அழுகிய தண்ணீர் தொட்டிக்குள் வந்து விழும். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று ராத்திரியில் ஃபில்டரை நிறுத்துகிறவர்கள் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். 10 வாட் ஃபில்டர் இரவும் பகலும் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் சொச்சம். 5 வாட் ஏர் பம்ப் 7 யூனிட். 15 வாட் விளக்கு தினம் 8 மணி நேரம் எரிந்தால் அதுவும் 7 யூனிட். பில்லைத் தூக்குவது ஹீட்டர் ஒன்றுதான். 100 வாட் ஹீட்டர் தினம் 8 மணி நேரம் சூடேற்றினால் இரண்டு மாதத்தில் 48 யூனிட்.

அந்த ஹீட்டர் சென்னை, செங்கல்பட்டு, விழுப்புரம் போன்ற சமவெளி ஊர்களில் பெரும்பாலான மீனுக்குத் தேவையே இல்லை. டிஸ்கஸ் மாதிரி 28 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாகத் தண்ணீர் கேட்கும் மீனுக்கும், மார்கழி இரவுகளில் குஞ்சுத் தொட்டிக்கும், ஊட்டி, கொடைக்கானல் பக்கத்து வீடுகளுக்கும்தான் வேண்டும். ஹீட்டருக்குள்ளேயே வெப்பத்தைப் பார்த்து அணைக்கும் தெர்மோஸ்டாட் உண்டு. அது ஒட்டிக்கொண்டுவிட்டால் தண்ணீர் சூடேறிக்கொண்டே போகும். தண்ணீருக்குள் வெப்பமானிக் கம்பி விடும் வசதியுள்ள பிளக்கை, ஹீட்டரின் அளவைவிட இரண்டு டிகிரி அதிகமாக வைத்தால், அது இரண்டாவது காவலாக நிற்கும். இது நல்ல உபயோகம். நேரத்தை மட்டும் பார்க்கும் பிளக்கில் ஹீட்டரை மாட்டுவதில் பலன் இல்லை.

தானியங்கித் தீவனப் பெட்டி ஊருக்குப் போகிறவர்களுக்காக விற்கிறது. கடலோர ஊரின் ஈரக்காற்றில் குருணைத் தீவனம் உருளைக்குள்ளேயே கட்டிபிடித்துக்கொள்ளும். ஒன்றுமே விழாது, அல்லது மொத்தக் கட்டியும் ஒரே நாளில் விழும். இரண்டாவதுதான் ஆபத்து. வளர்ந்த மீன் மூன்று, நான்கு நாள் தீவனம் இல்லாமல் தாராளமாக இருக்கும். சனி, ஞாயிறு கல்யாணத்துக்குப் போய்வர இந்தப் பெட்டி வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து 'நீயே போடு' என்று சொல்வதைவிட, ஒரு நாளைக்கு உரியதை ஒரு பொட்டலமாக மடித்துக் கொடுப்பது பாதுகாப்பு.

குரல் விஷயத்துக்கு வருவோம். அலெக்ஸாவை ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோதான் ஏவ முடியும். செல்போனில் உள்ள கூகுள் உதவியாளர் தமிழையும் புரிந்துகொள்ளும். தொட்டி விளக்குக்கு நீளமான பெயர் வைக்காமல் 'டேங்க்', 'ஏர்' என்று ஒரு சொல்லில் வைத்தால் பாட்டி சொன்னாலும் கேட்கும், பேரன் சொன்னாலும் கேட்கும். பேரனுக்கு இது வேடிக்கை. ஆனால் உண்மையான பயன் வேறொரு இடத்தில் இருக்கிறது. தொட்டிக்குள் கையை விட்டுச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது கை முழங்கை வரை ஈரம். ஹீட்டரை அணைக்க வேண்டும், ஏனென்றால் தண்ணீர் குறைந்து ஹீட்டர் வெளியே தெரிந்தால் கண்ணாடி வெடிக்கும். ஈரக் கையோடு தொட்டியின் பின்னால் சுவிட்சைத் தேடுவது உயிரோடு விளையாடுவது. அந்த நேரத்தில் வாயால் சொல்லி அணைப்பது ஆடம்பரம் அல்ல. குனிய முடியாத முழங்கால் வலிக்காரருக்கும் அப்படியே. சொன்னதும் அணைந்ததா என்று ஹீட்டரின் சின்ன விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். குரல் உதவியாளர் 'ஓகே' என்றதை மட்டும் நம்பக் கூடாது.

வயரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தொட்டியிலிருந்து வரும் வயர் நேராகப் பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக்குக்குக் கீழே தொங்கி, ஒரு வளைவு எடுத்து மேலேறிப் போக வேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில், ஸ்மார்ட் பிளக் வாங்கும் முன் அதை மாட்டுவது நல்லது. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்றும் அப்படியே பார்த்துவிடலாம்.

கரண்ட் போன ராத்திரி

2016 டிசம்பர் 12-ம் தேதி வார்தா புயல் சென்னையைக் கடந்தது. மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையின் பல பகுதிகள் வெள்ளத்தில் நின்றன. பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். மீன் வியாபாரம் நடக்கும் ஊரில் இப்படிப்பட்ட நாள் என்றால் அது அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்த மாதிரி. தொட்டியில் நெருக்கமாக நிற்கும் மீன் பம்ப் நின்ற சில மணி நேரத்திலேயே திணறும். புயல் வர வேண்டும் என்பதுகூட இல்லை. சித்திரை மாதத்தில் டிரான்ஸ்ஃபார்மர் போன ஒரு ராத்திரி போதும்.

காரணம் தண்ணீரின் குணம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. 35 டிகிரியில் 7-க்கும் கீழே. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைகிறது, மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது. ஃபைட்டர், கௌராமி போன்றவை மேலே வந்து காற்றை நேராகவே சுவாசிக்கும் உறுப்பு உள்ளவை, அதனால்தான் ஃபைட்டர் பாட்டிலில் பம்ப் இல்லாமல் இருக்கிறது. பொன்மீனுக்கும் கோய் கெண்டைக்கும் அந்த வசதி கிடையாது.

இந்த ராத்திரியில் ஸ்மார்ட் பிளக் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. பிளக்குக்கும் கரண்ட் இல்லை, ரவுட்டருக்கும் இல்லை. வெளியூரில் இருப்பவர் போனைத் திறந்தால் 'ஆஃப்லைன்' என்று காட்டும். அது கரண்ட் போனதா, நெட் போனதா என்றுகூடத் தெரியாது. அலெக்ஸாவிடம் கேட்டாலும் 'பதில் வரவில்லை' என்று சொல்லும், அவ்வளவுதான்.

கரண்ட் திரும்பி வந்ததும் இன்னொரு சிக்கல் இருக்கிறது, பலருக்கும் இது தெரிவதில்லை. மின்சாரம் வந்தவுடன் பிளக் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பதற்குச் செயலியில் ஓர் அமைப்பு உண்டு. 'எப்போதும் ஆன்', 'எப்போதும் ஆஃப்', 'முன்பு இருந்தபடி' என்று மூன்று தேர்வு. அது 'ஆஃப்' என்று இருந்தால், விடியற்காலை 3 மணிக்குக் கரண்ட் வந்து, வீட்டில் மின்விசிறி சுற்றி, எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். தொட்டியின் பம்ப் மட்டும் நின்றபடியே இருக்கும். ஃபில்டரையும் ஏர் பம்பையும் இந்தப் பிளக்கில் மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இந்த அமைப்பை 'எப்போதும் ஆன்' என்று மாற்றி, மெயினை ஒரு முறை அணைத்துப் போட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். மாட்டாமல் சாதாரண சாக்கெட்டிலேயே விட்டுவிடுவது அதைவிட நல்லது. இன்னொன்று, சில பிளக்குகள் கரண்ட் வந்த பிறகு இணையத்தைப் பிடித்தால்தான் மணி என்ன என்று தெரிந்துகொள்ளும். நெட் வரும்வரை விளக்கின் நேரக் கணக்கு தவறும். விளக்கு தவறினால் மீன் சாகாது, பரவாயில்லை.

பம்ப் நின்றவுடன் நடக்கும் இன்னொரு கூத்தும் உண்டு. ஏர் பம்ப் தொட்டியைவிடத் தாழ்வாக இருந்தால், காற்று போன டியூப் வழியாகவே தண்ணீர் திரும்பி வந்து பம்புக்குள் இறங்கித் தரையெல்லாம் ஓடும். கிணற்றுக் குழாயில் ஃபுட்வால்வு வைத்துத் தண்ணீர் இறங்காமல் தடுக்கிறோமே, அதே கதைதான் இங்கே தலைகீழ். டியூபின் நடுவில் மாட்ட விரல் நுனியளவு நான்-ரிட்டர்ன் வால்வு கொளத்தூரில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அம்புக்குறி தொட்டிப் பக்கம் பார்க்க வேண்டும்.

காற்றுக்கு வழி என்ன என்றால், பதில் பழையதுதான்: பேட்டரி. கொளத்தூர்க் கடைகளில் ஏசி-டிசி பம்ப் என்று கேட்டால் உள்ளேயே பேட்டரி வைத்த பம்ப் தருவார்கள். கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஆகும், போனவுடன் தானாகப் பேட்டரியில் ஓடும். அதற்கு வைஃபை வேண்டாம், செயலி வேண்டாம். 12 வோல்ட், 7 ஆம்பியர் பேட்டரி ஒன்றை நல்ல நிலையில் வைத்திருந்தால் 5 வாட் டிசி பம்ப் ஒரு ராத்திரி முழுக்க ஓடிவிடும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அந்தச் செலவும் இல்லை. 150 ஆம்பியர் பேட்டரிக்கு 5 வாட் பம்ப் ஒரு பொருட்டே அல்ல. ராத்திரி 12 மணி நேரம் ஓடினாலும் அது தின்பது 60 வாட் மணி. பேட்டரியில் இருப்பதோ 1,800. ஆனால் பல வீடுகளில் நடப்பது என்னவென்றால், இன்வெர்ட்டர் இணைப்பு டியூப் லைட்டுக்கும் மின்விசிறிக்கும் டிவிக்கும் போயிருக்கும். மீன் தொட்டி வைத்த மூலையின் சாக்கெட் நேரடி லைனில் இருக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு சாக்கெட்டை மாற்றிக்கொடுக்கச் சொன்னால் அரை நாள் வேலை. ஸ்மார்ட் பிளக் கேட்டு வருகிறவரிடம் இதை முதலில் சொல்லும் கடைக்காரருக்கு ஒரு வியாபாரம் போகும். அவரிடம்தான் அடுத்த முறையும் போக வேண்டும்.

பேட்டரியும் இல்லாத வீட்டில் கரண்ட் போய்விட்டால் தீவனம் போடக் கூடாது. மூடியைத் திறந்து வைத்து, சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கலாம். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை பத்துச் சொம்பு என்று வீட்டில் முறை போட்டுச் செய்தால் விடியும்வரை தள்ளிவிடலாம்.

செங்குன்றம் பக்கத்துத் தொட்டிகள்

கடைகளில் இருக்கும் மீன் கடைக்குள் பிறப்பதில்லை. கொளத்தூரை விட்டு மாதவரம், செங்குன்றம், பொன்னேரி என்று திருவள்ளூர் மாவட்டத்துப் பக்கம் போனால் உற்பத்திப் பண்ணைகள் வருகின்றன. பல பண்ணைகள் குத்தகை நிலத்தில் ஒரு குடும்பமே சேர்ந்து நடத்துபவை. வரிசையாகச் சிமென்ட் தொட்டிகள், மேலே மீன்கொத்தியும் காக்கையும் இறங்காமல் நைலான் வலை, வெயிலுக்குப் பச்சை நிழல்வலை, ஓரத்தில் ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் புளோயர் உறுமிக்கொண்டிருக்கும். அதிலிருந்து பிவிசி குழாய் கிளை பிரிந்து ஒவ்வொரு தொட்டிக்கும் காற்று போகிறது. பக்கத்தில் ஆர்ட்டீமியா பொரிக்கும் பாத்திரங்கள். உப்புத் தண்ணீரில் காற்றும் வெளிச்சமும் நிற்காமல் கொடுத்தால் ஒன்றரை நாளுக்குள் பொரிந்து, குஞ்சு மீனுக்கு உயிருணவாகும். நடுவில் காற்று நின்றால் முட்டை அடியில் போய்ப் படிந்து அந்த ஈடு வீண். டப்பாவின் விலை தெரிந்தவர்களுக்கு அந்த வலி தெரியும்.

வீட்டுக்கு வாங்கும் 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கை இந்தப் புளோயருக்கு மாட்டக் கூடாது. மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பிளக்கின் உள்ளே இருக்கும் சின்ன ரிலே கருகும், அல்லது ஒட்டிக்கொள்ளும். கான்டாக்டர் வழியாகத்தான் மோட்டாருக்கு இணைப்புப் போக வேண்டும். அலெக்ஸாவுக்கும் இங்கே வேலை இல்லை. புளோயர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, வைஃபையும் வயல் நடுவே எட்டாது. இங்கே பயன்படுவது மொபைல் ஸ்டார்ட்டர் வகையைச் சேர்ந்த சிம் அலாரம். கரண்ட் போனவுடன் உள்ளேயிருக்கும் சின்ன பேட்டரியின் தயவில் குறித்து வைத்த எண்களுக்கு அது போன் செய்யும். பண்ணையில் படுத்திருப்பவர் எழுந்து ஜெனரேட்டரைப் போடுவார். அவர் எழுந்திருக்காவிட்டால் அடுத்த எண்ணுக்கு, வீட்டில் இருக்கும் மனைவிக்கு, அழைப்பு போகும். அந்த சிம்முக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்ய மறந்தால் அலாரம் ஊமை. எனவே கேஸ் சிலிண்டர் பதிவு செய்யும் தேதி மாதிரி இதற்கும் ஒரு தேதி வைத்துக்கொள்கிறவர்கள் பிழைக்கிறார்கள்.

வீட்டுக் கொல்லையில் ஐந்தாறு தொட்டியோடு தொடங்க நினைக்கும் குடும்பத்துக்கு நடுவழி ஒன்று உண்டு. எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று வாட் கணக்குக் காட்டும் ஸ்மார்ட் பிளக் கிடைக்கிறது. அதை ஃபில்டர் மோட்டாருக்கு மாட்டி, அணைக்கும் வேலையைக் கொடுக்காமல் பார்க்கும் வேலையை மட்டும் கொடுக்கலாம். 'ஆன்' என்று காட்டிக்கொண்டே வாட் பூஜ்யமாக இருந்தால் மோட்டார் எரிந்துவிட்டது என்று அர்த்தம். வயலில் நிற்கும்போதே போனில் தெரிந்துவிடும். மோட்டாரின் சுழலியில் குப்பை மாட்டி நின்றிருந்தால் மட்டும் வாட் பெரிதாக மாறாது. அதற்குத் தொட்டியைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். குமிழி வருகிறதா, மீன் கீழே நிற்கிறதா மேலே நிற்கிறதா, நேற்று எண்ணிய எண்ணிக்கை இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

முதலீட்டுக்கு, 2020-ல் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகு என்று ஒரு பிரிவு வைத்தார்கள். ஓர் அலகின் மதிப்பு 3 லட்சம் ரூபாய். அதில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். இந்த ஆண்டு எத்தனை அலகு, விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்பதை மாவட்ட மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். திட்ட மதிப்பீடு எழுதும்போது தொட்டி, மீன், தீவனம் என்று போட்டுவிட்டுப் பேட்டரியையும் சிம் அலாரத்தையும் விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்த இரண்டு வரியையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கொளத்தூரில் மீன் வாங்கிய பையோடு ஊர் திரும்புகிறவர்கள் மதிய வெயிலைத் தவிர்த்து மாலைப் பேருந்தைப் பிடிப்பார்கள். ஊர் சேர இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். பையைத் திறக்காமல் தொட்டித் தண்ணீரில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு வாயைத் திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்துவிட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை நிரப்பியிருந்தால் முந்தைய நாளே நிரப்பிக் காற்று விட்டு வைத்திருக்க வேண்டும். அன்றிரவு விளக்கும் தீவனமும் வேண்டாம். ஏர் பம்பை இன்வெர்ட்டர் சாக்கெட்டில் செருகி, மெயினை ஒரு முறை அணைத்து, குமிழி நிற்காமல் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் படுக்கலாம். பிளக்கில் நேரம் குறிப்பதும் அலெக்ஸாவுக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பதும் மறுநாள் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்த பிறகு ஆகட்டும்.